நட்ட வயலா, மூழ்கிய வயலா: டெல்டா கிராமத்தின் வெள்ள வரைபடத்தைச் செயற்கைக்கோள் படங்களிலிருந்து தயாரிக்கும் முறை

செயற்கைக்கோள் படத்தில் தண்ணீரைக் கண்டுபிடிப்பது எளிது. காவிரி டெல்டாவில் சிக்கல் அதற்குப் பிறகே தொடங்குகிறது. ஏனெனில் ஐப்பசி மாதத்தில் இங்கே தண்ணீர் நிற்காத நிலத்தைத்தான் தேட வேண்டியிருக்கும். புதிதாக நட்ட சம்பா வயல், மழையில் மூழ்கிய வயல், வேதாரண்யத்து உப்பளம், கடலோரத்து இறால் குட்டை ஆகிய நான்கும் ரேடார் படத்தில் ஏறத்தாழ ஒரே கருமையாகத் தெரியும். பிற நிலப்பகுதிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட செய்முறையை நான் முதன்முறை அப்படியே பின்பற்றியபோது திருத்துறைப்பூண்டி வட்டத்தில் பாதி, வெள்ளத்தைக் குறிக்கும் சிவப்பாக வந்து நின்றது. அதை அச்செடுத்துப் பெருமையோடு ஒரு பெரியவரிடம் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, "இது நாங்க நட்ட வயலு, தம்பி. தண்ணி தேங்குன இடம் எதுன்னு கேட்டிருந்தா கையக் காட்டியே சொல்லியிருப்பேனே" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்திலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் கீழே விளக்கப் போகிறேன். கணினியும் இணைய இணைப்பும் உள்ள எவரும், தம் வருவாய்க் கிராமத்தில் எந்த வயல்தொகுதியில் எத்தனை நாள் வெள்ளம் நிற்கிறது என்பதைக் கடந்த பத்தாண்டுப் படங்களிலிருந்து அறிந்து, அடுத்த பருவமழைக்கு முன் அதைப் பயன்படுத்தலாம். படங்களும் மென்பொருளும் இலவசமே, செலவாவது பொறுமைதான்.

எந்தப் படத்தை எடுப்பது

நம் கண்ணுக்குப் பழகிய வண்ணப் படங்களைத் தரும் சென்டினல்-2, லேண்ட்சாட் போன்றவை மேகத்தை ஊடுருவிப் பார்க்க இயலாதவை. வடகிழக்குப் பருவமழையில் வெள்ளம் வரும் நாளில்தான் மேகமும் கவிந்திருக்கும். ஆகவே மிகவும் தேவைப்படும் வாரத்தில் அவை வெறும் வெண்மையைக் காட்டும். நமக்கு அடிப்படையாக அமைவது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1. இது தானே நுண்ணலையை அனுப்பி, தரையில் பட்டுத் திரும்பி வரும் பகுதியை அளக்கும் ரேடார் என்பதால் இரவும் மேகமும் அதற்குத் தடையாவதில்லை. அலையடிக்காத நீர்ப்பரப்பு கண்ணாடியைப் போல அந்த அலையை வேறு திசைக்குத் திருப்பிவிடுவதால் படத்தில் கறுப்பாகத் தெரியும். மண்ணும் பயிரும் மரமும் ஒரு பகுதியைத் திருப்பியனுப்புவதால் சாம்பல் நிறமாகவோ வெளுப்பாகவோ தெரியும். இவ்வரிசையின் முதல் செயற்கைக்கோள் 2014 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதனால் பத்துச் சம்பாப் பருவங்களுக்கும் மேலான பதிவு நம் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது.

இந்தியாவின் ஈ.ஓ.எஸ்.-04 ரேடார் செயற்கைக்கோள் 2022 பிப்ரவரியிலும், இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தும் ஏவப்பட்டன. ஐதராபாத்திலுள்ள தேசிய தொலையுணர்வு மையத்தின் பூநிதி தளம் இந்தியப் படங்களுக்கான வாசல். நிசாரின் எல் அலைவரிசை சுமார் 24 செ.மீ. அலைநீளம் கொண்டது, சென்டினல்-1இன் அலைநீளம் ஏறக்குறைய 5.6 செ.மீ. மட்டுமே. நீண்ட அலை பயிரின் இலைப்பரப்பைத் தாண்டி உள்ளே செல்லக்கூடியதால், தென்னந்தோப்பின் அடியிலும் வளர்ந்த பயிரின் அடியிலும் நிற்கும் தண்ணீரை அறிவதற்கு அது பின்னாளில் பெரிதும் உதவும். ஆனால் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட வேண்டுமானால் இப்போதைக்குச் சென்டினல்-1ஐ விட்டால் வேறு வழியில்லை.

அதன் குறையையும் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு செயற்கைக்கோள் அதே பாதையில் திரும்பி வர 12 நாள்கள் ஆகும். இரண்டு செயற்கைக்கோள்கள் இயங்கினால் இடைவெளி பாதியாகும். ஆனால் 2021 டிசம்பரில் சென்டினல்-1பி பழுதடைந்து, 1சி 2024 டிசம்பரில் ஏவப்படும் வரை ஒன்றுதான் சுற்றிக்கொண்டிருந்தது. 2022 நவம்பர் இரண்டாம் வாரத்தில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது அந்த இடைப்பட்ட காலத்தில்தான். மூன்று நாள் நின்று வடிந்த தண்ணீர் எந்தப் படத்திலும் சிக்காமலேயே போயிருக்கலாம். வரைபடத்தில் கறுப்பு இல்லை என்பதை, அங்கே வெள்ளமே வரவில்லை என்பதற்குச் சான்றாக யாரும் காட்டவோ ஏற்கவோ கூடாது.

முதல் பார்வையும் குளத்து அளவுகோலும்

நிரல் எழுதத் தெரியாதவர்கள் கோப்பர்நிக்கஸ் பிரவுசர் என்ற தளத்தில் கணக்குத் தொடங்கி, ஊர்ப் பெயரைத் தேடி, சென்டினல்-1ஐத் தேர்ந்து, ஒவ்வொரு தேதியாகப் புரட்டிப் பார்க்கலாம். இரண்டு தேதிகளை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதியும் அதில் உண்டு. ஒப்பிடும் இரு படங்களும் செயற்கைக்கோள் ஒரே பாதையில், ஒரே திசையில் சென்றபோது எடுத்தவையாக இருக்க வேண்டும். காலை ஆறு மணியை ஒட்டிக் கடக்கும் படத்தையும் மாலை ஆறு மணியை ஒட்டிக் கடக்கும் படத்தையும் கலந்தால், ரேடார் பார்க்கும் கோணம் மாறுவதாலேயே வயல் நிறம் மாறும். அதை வெள்ளம் என்று எண்ணிவிடுவோம்.

கொஞ்சம் நிரல் பழக்கம் உள்ளவர்களுக்குக் கூகுள் எர்த் என்ஜின் பொருத்தமானது. வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு இலவசம். அங்குள்ள சென்டினல்-1 படங்கள் ஏற்கெனவே அளவுத்திருத்தம் செய்யப்பட்டு, திரும்பி வரும் அலையின் வலிமையைக் குறிக்கும் டெசிபல் அளவில் இருக்கும். படத்தில் இரண்டு அடுக்குகள் உண்டு: அனுப்பிய அலை அதே அதிர்வுத் திசையில் திரும்பி வருவதை அளப்பது வி.வி., குறுக்குத் திசையில் திரும்பி வருவதை அளப்பது வி.எச். காற்று கிளப்பும் சிற்றலையால் வி.வி. எளிதில் குழம்பும் என்பதால் நான் வி.எச். அடுக்கிலிருந்தே தொடங்குகிறேன், பிறகு வி.வி.யோடு சரிபார்க்கிறேன். புயல் வீசும் நாளன்று எடுத்த படத்தில் நீர்ப்பரப்பே தரையைப் போல வெளுத்துத் தெரியக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எத்தனை டெசிபலுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் என்று கொள்வது? புத்தகத்தில் எழுதிய எண்ணைக் கொண்டு தொடங்காமல் ஊர்க்குளத்தைக் கொண்டு தொடங்குவதே என் வழக்கம். திருவாரூர் கமலாலயத்தைப் பற்றிக் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்று சொல்வார்கள். அவ்வளவு பெரிய திறந்த நீர்ப்பரப்பு கிடைத்தால் அதுவே அளவுகோல். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆகாயத்தாமரை மூடாத குளம் ஒன்றைத் தேர்ந்து, ஓராண்டு முழுவதும் அதன் வி.எச். மதிப்பை வரைந்து பாருங்கள். அது ஊசலாடும் எல்லைதான் உங்கள் பகுதியில் தண்ணீரின் அடையாளம். ஆகாயத்தாமரை படர்ந்த குளத்தை ரேடார் தோட்டம் என்றே எண்ணிக்கொள்ளும்.

அளவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். படத்தின் ஒரு புள்ளி தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கான ஒரு மா நிலத்தில் 13 புள்ளிகளே அடங்கும். ரேடார் படத்தில் இயல்பாகவே உப்பும் மிளகும் தூவியது போன்ற புள்ளிக்கலக்கம் இருப்பதால், 13 புள்ளிகளின் சராசரியை நம்பி ஒருவருடைய வயலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு வேலி, அதாவது 20 மா, அளவுள்ள தொகுதிகளாக ஊரைப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றிலும் 270 புள்ளிகள் கிடைக்கும், அது போதும். தொகுதிகளின் எல்லையை வாய்க்காலும் வடிகாலும் ஒட்டிப் போடுவது நல்லது. ஏனென்றால் தண்ணீர் வடிவது அவற்றின் வழியாகத்தான், பட்டாவின்படி அல்ல.

கருத்து, வெளுத்து, மீண்டும் கருத்தால்

இனிதான் கட்டுரையின் மையம். ஐக்கிய நாடுகள் சபையின் யு.என்.-ஸ்பைடர் திட்டம் வெளியிட்டுள்ள செய்முறை, வெள்ளத்துக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் ஒப்பிட்டு, ஆண்டில் 10 மாதங்களுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடங்களையும் ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சரிவுள்ள இடங்களையும் நீக்கச் சொல்கிறது. நல்ல செய்முறைதான். ஆனால் தட்டுப் போன்ற நம் நிலத்தில் சரிவு விதி எதையும் நீக்காது. இரண்டு, மூன்று மாதம் மட்டும் தண்ணீர் நிற்கும் நடவு வயல் 10 மாத விதியிலும் சிக்காது. முன் படத்தை ஆடியில் எடுத்துப் பின் படத்தைக் கார்த்திகையில் எடுத்தால், நட்ட வயல் அனைத்தும் வெள்ளமாக வந்துவிடும். எனக்கு நேர்ந்தது அதுவே.

இதற்கு மாற்றாக, ஒவ்வொரு தொகுதிக்கும் ஆகஸ்ட் தொடங்கி ஜனவரி முடிய உள்ள எல்லாப் படங்களின் வி.எச். சராசரியையும் ஒரு கோடாக வரைய வேண்டும். சேறடித்து நட்ட சம்பா வயலின் கோடு முதலில் சரிந்து கருமைக்குப் போகும். நாற்று பிடித்துத் தூர் கட்டத் தொடங்கியதும், தண்ணீர் அடியில் இருந்தாலும், தண்டும் இலையும் அலையைத் திருப்பியனுப்புவதால் கோடு அடுத்தடுத்த வாரங்களில் மேலேறும். ஒருமுறை கருத்து வெளுத்த வயல் நவம்பரிலோ டிசம்பரிலோ மீண்டும் கருத்தால் பயிர் தண்ணீருக்குள் போய்விட்டது என்று பொருள். இந்த இரண்டாவது கருமைதான் வெள்ளம். அது தொடர்ந்து எத்தனை படங்களில் நீடிக்கிறது என்பதே, தண்ணீர் எத்தனை நாள் நின்றது என்பதற்கு நமக்குக் கிடைக்கும் கணக்கு. ஆண்டுதோறும் அதே தொகுதி இரண்டாம் முறை கருக்கிறது என்றால், அங்கே வடிகாலில் கோளாறு இருக்கிறது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இரண்டும் சாகுபடியைப் பற்றியவை. குறுவை அறுத்துத் தாளடி நட்ட வயலும் இரண்டு முறை கருக்கும். ஐப்பசியில் வரும் அந்த இரண்டாம் கருமை நடவே. கடைமடையில் தண்ணீர் தாமதமாக வரும் என்பதால் புழுதியில் நேரடியாக விதைக்கிறவர்கள் பலர். அவர்களுடைய வயலில் நடவுக் கருமையே இராது, ஆகவே அங்கே முதல் கருமையே வெள்ளமாகிவிடும். எந்தத் தொகுதி எந்த வகை என்பதைப் படம் சொல்லாது. ஊரில் கேட்டுத்தான் எழுத வேண்டும். கிராமத்தின் பயிர்ப் பதிவேடான அடங்கலில் பதிவு சரியாக இருந்தால் அதுவும் உதவும்.

பயிர் முழுவதும் மூழ்காமல் நுனி வெளியே தெரியும் அளவுக்குத் தண்ணீர் நின்றால், தண்டுக்கும் நீருக்கும் இடையே அலை இருமுறை எதிரொலித்து, படம் கருப்பதற்குப் பதில் கூடுதலாக வெளுக்கவும் செய்யலாம். பூக்கும் தறுவாயில் அரை ஆள் தண்ணீர் நின்ற வயலை இந்த முறை தவறவிடக்கூடும் என்பதை ஒப்புக்கொண்டே பயன்படுத்த வேண்டும்.

உயரப் படங்களை நம்பாமை

வெள்ள அபாயம் என்றதும் பலர் நிலத்தின் உயரத்தை இடவாரியாகக் காட்டும் உயர மாதிரித் தரவைத் தேடுகிறார்கள். 2000 பிப்ரவரியில் விண்வெளி ஓடத்திலிருந்து எடுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். தரவு இணையத்தில் எளிதில் கிடைக்கிறது. அதன் செங்குத்துப் பிழை மீட்டர் கணக்கில் உள்ளது. நம் வயலுக்கும் அடுத்த வயலுக்கும் உள்ள வேறுபாடோ சாண் கணக்கில். தென்னந்தோப்பின் உச்சியையும் அது தரையோடு சேர்த்துக் கணக்கிட்டு மேடாகக் காட்டும். கடல்நீர் இத்தனை மீட்டர் ஏறினால் இன்னின்ன ஊர் மூழ்கும் என்று அதைக் கொண்டு வரைந்த வண்ணப் படங்களை நாகப்பட்டினம் மாவட்டத்தைப் பொறுத்தவரை நான் பொருட்படுத்துவதில்லை.

மட்டம் அறிய நம்மிடம் வேறு கருவி இருக்கிறது. கொத்தனார் ஒளிபுகும் குழாயில் தண்ணீர் ஊற்றி இரண்டு சுவர்களின் மட்டம் பார்ப்பதைப் போல, வடிந்துகொண்டிருக்கும் வெள்ளமே நிலத்தின் மட்டத்தைக் காட்டுகிறது. அடுத்தடுத்த படங்களில் எந்தத் தொகுதி முதலில் வெளுக்கிறது, எது கடைசியில் வெளுக்கிறது என்று வரிசைப்படுத்தினால் ஊரின் மேடு பள்ளம் ஏறக்குறைய வந்துவிடும்.

கால்நடையாகச் சரிபார்த்தல்

வரைபடத்தோடு ஊரைச் சுற்றி வர ஒரு வாரம் ஒதுக்குங்கள். எவ்வளவு உயரம் தண்ணீர் வந்தது என்று கேட்டால் மனிதர்கள் கூட்டியோ குறைத்தோ சொல்வார்கள். எத்தனை நாள் நின்றது, மறுநடவு செய்தீர்களா, எந்த மதகு அடைபட்டது என்று கேட்டால் துல்லியமான பதில் வரும். நாகை, வேதாரண்யம் இடையே கஜா புயல் கரையைக் கடந்த 2018 நவம்பர் 16, சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 போன்ற தேதிகளை யாரும் மறப்பதில்லை. மற்ற வெள்ளங்களை அவற்றுக்கு முன்னா பின்னா என்று கேட்டு ஆண்டைப் பிடிக்கலாம். படம் கருமை காட்டிய இடத்தில் ஊரார் வெள்ளம் இல்லை என்றால், பெரும்பாலும் ஊரார் சொல்வதே சரியாக இருக்கும்.

வீடுகளையும் இதே வரைபடத்தில் சேர்க்க வேண்டும். கட்டடங்களின் மேல்தோற்ற எல்லைகள் கூகுளின் திறந்த கட்டடத் தரவில் கிடைக்கின்றன. சாலைகள் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ளன. இவற்றைக் கியூ.ஜி.ஐ.எஸ். என்ற வரைபட மென்பொருளில் வெள்ளத் தொகுதிகளின் மேல் அடுக்கினால், புயல் பாதுகாப்பு மையத்துக்குச் செல்லும் சாலை எங்கே துண்டிக்கப்படும் என்பது தெரியும். கூரை வீடு எது, தனியே வாழும் முதியவர் யார், நடமாட இயலாதவர் யார் என்பவை மேலிருந்து தெரியாதவை. அவற்றைக் கையால்தான் குறிக்க வேண்டும்.

ஆற்று வெள்ளமும் புயலும்

கொள்ளிடக் கரையில் உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்களுடைய வெள்ளம் உள்ளூர் மழையால் வருவதைவிட மேட்டூரின் உபரி நீரால் வருவது. 2022 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து நொடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் வெளியேறியபோது நாதல்படுகை, முதலைமேடு போன்ற படுகை ஊர்கள் சூழப்பட்டன. அங்கே ஆகஸ்ட் படங்களைத் தனியாக எடுத்து, மேட்டூர் வெளியேற்றத்தின் அளவை ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் எழுதினால், எத்தனை கன அடிக்கு எந்தத் திட்டு மூழ்கும் என்ற பட்டியல் கிடைக்கும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை அடையச் சாதாரணமாக மூன்று நாள் ஆகும் என்பதால், அந்தப் பட்டியல் உண்மையிலேயே முன்னெச்சரிக்கையாகப் பயன்படும்.

புயலின் பாதையை இன்சாட் மேகப் படத்தைப் பார்த்துத் தாமே கணிக்க யாரும் முயல வேண்டாம். இந்திய வானிலை ஆய்வு மையத்தின் எச்சரிக்கையையும் காரைக்கால் டாப்ளர் ரேடாரையும் பின்பற்றினால் போதும். புயலுக்குப் பிந்தைய சேதத்தை அறிவதில் மட்டும் நமக்கு வேலை இருக்கிறது. தென்னைச் சேதத்துக்குச் சென்டினல்-2 படத்தின் பசுமைக் குறியீடு உதவும். ஆனால் விழுந்த மரத்தின் மட்டை சில வாரங்கள் பச்சையாகவே இருக்கும், அடியில் புல்லும் செழிக்கும். எனவே உடனடிப் படம் சேதத்தைக் குறைத்தே காட்டும். 25 அடி இடைவெளியில் நட்ட தோப்பில் ஒரு புள்ளிக்குள் இரண்டு மரம்கூட முழுதாக அடங்குவதில்லை என்பதால், மர எண்ணிக்கையை இந்தப் படத்திலிருந்து எடுக்க இயலாது. தோப்பு அடர்த்தி எங்கே அதிகம் குறைந்தது என்று கண்டு, கணக்கெடுப்பாளரை முதலில் அங்கே அனுப்புவதே இதன் பயன்.

எப்போது, யாரிடம் கொடுப்பது

வரைபடம் கணினியிலேயே கிடந்தால் பயனில்லை; உரிய மாதத்தில் உரிய இடத்துக்குப் போக வேண்டும். வடிகால் தூர்வாரும் பணி மேட்டூர் திறப்புக்கு முன், கோடையில்தான் நடக்கும். மேட்டூர் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. ஆகவே, ஆண்டுதோறும் இரண்டாம் முறை கருக்கும் தொகுதிகளையும் அவற்றை வடிக்க வேண்டிய வடிகாலின் பெயரையும் மே 1 கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக எழுதச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் 15க்குத் தள்ளிப்போட்டால் வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். வீடுகள், சாலைகள், தங்குமிடம் பற்றிய வரைபடத்தை அக்டோபர் 2 கூட்டத்தில் வைப்பது பொருத்தம். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது.

உழவர்களிடம் நாள்கணக்கைச் சொல்லுங்கள். ஒரு தொகுதியில் வெள்ளம் பெரும்பாலான ஆண்டுகளில் பத்து நாள் நிற்கிறது என்று தெரிந்தால், இரண்டு வாரம் வரை மூழ்கலைத் தாங்கும் சி.ஆர். 1009 சப்-1 போன்ற ரகத்தை அங்கே விதைக்கலாம். ஒரு மாதம் நிற்கும் இடத்தில் எந்த ரகமும் உதவாது, வடிகால்தான் உதவும். பயிர்க் காப்பீட்டுக்கு இந்த வரைபடத்தை நேரடிச் சான்றாக ஏற்பார்கள் என்று எவருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். நெல்லுக்கான இழப்பீடு முதன்மையாகப் பயிர் அறுவடைப் பரிசோதனையின் மகசூலை வைத்தே கணக்கிடப்படுகிறது. பாதிப்பு எந்தப் பக்கம் என்று அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல மட்டும் படம் துணை நிற்கும்.

இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொள்ள வேண்டும். தொகுதிவாரியாக நட்ட தேதி, விதைத்த தேதி, தண்ணீர் ஏறிய தேதி, வடிந்த தேதி ஆகிய நான்கையும் எழுதி வந்தால், மூன்று பருவத்துக்குள் கோட்டுப்படங்களைப் படிப்பதில் ஐயம் பெரும்பாலும் நீங்கிவிடும். அந்த நோட்டின் முதல் பதிவு, இந்த ஆண்டு குறுவை அறுத்த வயல்கள் எவை என்பதாக இருக்கட்டும். ஐப்பசிப் படம் வந்ததும் தாளடியை வெள்ளத்திலிருந்து பிரிப்பதற்கு அதுதான் முதலில் தேவைப்படும்.